சும்மா கிடக்கிற காணி என்று திருகோணமலையில் ஒன்றும் இல்லை

ஒவ்வொரு முறையும் ஒரு புதுத் திட்டம் வரும்போது நம் மாவட்டத்தில் சொல்லப்படுகிற முதல் வார்த்தை இதுதான்: "அந்தக் காணி சும்மாதானே கிடக்கிறது." நிலக்கரி மின் நிலையத்துக்கும் இதைத்தான் சொன்னார்கள், கைத்தொழில் வலயத்துக்கும் இதைத்தான் சொன்னார்கள், இப்போது சூரிய மின் படலங்களுக்கும் இதைத்தான் சொல்கிறார்கள். ஆவணி மாதத்தில் கச்சான் காற்று அடிக்கும்போது ஒரு வாகனத்தில் வந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். வெடித்த தரை, காய்ந்த புல், நாலு பற்றை. அதே இடத்தை மார்கழியில் வந்து பாருங்கள். இடுப்பளவு தண்ணீர் நிற்கும்.

இங்கே நிலத்துக்கு மாதத்துக்கு ஒரு வேலை. வருட மழையில் பாதிக்கு மேல் ஐப்பசிக்கும் தைக்கும் இடையில் வாடைக் காற்றோடு கொட்டித் தீர்ந்துவிடும், மிச்ச மாதங்களை அந்தத் தண்ணீரை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். புரட்டாசி ஐப்பசியில் பெரும்போக விதைப்பு தொடங்கினால் மாடுகள் வயல் பக்கம் நிற்க முடியாது. பட்டியை மேட்டுக்கு, காட்டோரத்துக்குச் சாய்த்துக்கொண்டு போக வேண்டும். மாசி பங்குனியில் வெட்டு முடிந்ததும் அதே மாடுகள் கீழே இறங்கி வயலில் மிஞ்சிய ஒட்டுத் தாளை மேயும், சாணம் வயலில் விழும், அடுத்த போகத்துக்கு அதுதான் பசளை. 2021இல் இரசாயன உரத்தை ஒரேயடியாக நிறுத்தி, அதே வருடக் கடைசியில் தடையைத் திரும்ப எடுத்தார்களே, அந்த நாட்களில் மாட்டுப் பட்டிக்குப் பக்கத்தில் வயல் வைத்திருந்தவன் கொஞ்சமாவது மூச்சு விட்டான். மற்றவனுக்கு அதுவும் இல்லை.

மூதூர் தயிர், கிண்ணியாத் தயிர் என்று சட்டி சட்டியாக வாங்கிக்கொண்டு போகிறோம். அந்தத் தயிர் எந்தப் புல்லில் இருந்து வருகிறது? வரைபடத்தில் யாருடைய பெயரும் இல்லாத அந்த மேட்டுப் புல்லில் இருந்துதான்.

கங்கையும் வெருகலாறும் பெருகி வடிகிற தாழ்நிலங்கள் இன்னும் ஆச்சரியமானவை. (மகாவலியை எங்கள் பக்கத்தில் வெறுமனே கங்கை என்றுதான் சொல்வோம்.) மத்திய மலைநாட்டில் தொடங்கி 335 கிலோமீற்றர் ஓடி, நாட்டின் மிக நீளமான ஆறு கடைசியில் கொட்டியாரக் குடாவில்தான் வந்து விழுகிறது. மலையில் பெய்த மழை எங்கள் வில்லுகளில், அதாவது வெள்ளம் தேங்கி வற்றுகிற பள்ளங்களில், வந்து படுத்து ஆறுகிறது. வண்டல் விடுகிறது. தண்ணீர் வற்ற வற்ற விரால் பிடிப்பார்கள், கொட்டிக்கிழங்கு கிண்டுவார்கள், ஓரத்தில் பன் புல் அறுத்துப் பாய் இழைப்பார்கள், அதற்குப் பிறகு மாடு இறங்கும். வெருகல், ஈச்சிலம்பற்றுப் பக்கம் கரையோர வேடர் குடும்பங்கள் காட்டையும் களப்பையும் கடலையும் சேர்த்தே சீவித்து வந்தவர்கள். தேனும் கிழங்கும் மீனும் அவர்களுக்கு ஒரே வருடத்தின் வேறு வேறு மாதங்கள். உப்பாற்றிலும் தம்பலகாமக் குடாவிலும் கண்டல் (அலையாத்தி) காட்டுக்குள் நண்டும் இறாலும் மட்டியும் எடுத்து வீட்டுச் செலவைப் பார்க்கிற பெண்கள் எத்தனை பேர்! இவர்களில் யாரிடமாவது காணி உறுதி இருக்கிறதா, பெர்மிட் இருக்கிறதா என்று கேட்டால் இல்லை. கடதாசி இல்லாததால் அந்த வேலையும் இல்லை என்று கணக்கு எழுதிவிடுகிறார்கள். இதுதான் எனக்குப் பொறுக்க முடியாதது.

சம்பூரை எடுத்துக்கொள்வோம். 2006இல் யுத்தத்தால் சனம் முழுக்க இடம்பெயர்ந்தது. ஆட்களை வெளியே வைத்துக்கொண்டு அந்த ஊரைக் கைத்தொழிலுக்கு ஒதுக்கினார்கள், நிலக்கரி மின் நிலையம் என்றார்கள். சனம் விடவில்லை. 2015க்குப் பிறகு கட்டம் கட்டமாகக் காணி திரும்பியது, 2016இல் நிலக்கரித் திட்டம் கைவிடப்பட்டது. 2025 ஏப்ரலில் அதே சம்பூரில் 120 மெகாவாட் சூரிய மின் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. நிலக்கரியையும் சூரியனையும் ஒரே தராசில் வைக்கக்கூடாது, அது எனக்கும் தெரியும். புகை வராது, சாம்பல் வராது, நல்லது. ஆனால் நூற்றுக்கணக்கான ஏக்கரை வேலி போட்டு அடைத்தால் அதற்குள் மாடு போகாது. பனையடியில் விறகு பொறுக்கப் போகிறவளும் போக முடியாது. முத்துநகரில் வருடக்கணக்காக வயல் செய்தவர்கள் சூரிய மின் திட்டத்துக்காகக் காணியை இழந்து 2025இல் மாவட்டச் செயலகத்துக்கு முன்னால் நாட்கணக்கில் குந்தியிருந்தார்களே, அவர்கள் மின்சாரத்துக்கு எதிரானவர்களா? இல்லவே இல்லை. அவர்கள் கேட்டது தங்கள் வயலை.

அடுத்ததுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். மேய்ச்சல் தரை ஒன்று அடைபடும்போது அந்த நட்டம் அங்கேயே நிற்பதில்லை. பட்டிக்காரன் மாட்டை எங்கே கொண்டுபோவான்? வேறு ஊர் ஓரத்துக்கு. அங்கே விதைத்த வயலுக்குள் இரவோடு இரவாக மாடு இறங்கும். காலையில் சண்டை. மாட்டுக்காரன் ஒரு இனம், வயல்காரன் வேறு இனம் என்றால் பின்னேரத்துக்குள் அது ஊர்ச் சண்டை, அடுத்த நாள் முகநூலில் இனச் சண்டை. தொடங்கியது புல்லில். இந்த மாவட்டத்தில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே வாய்க்காலில் தண்ணீர் எடுக்கிறோம். கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் கந்தளாய் வயல்களைக் கடந்துதான் தம்பலகாமத்துக்கு வருகிறது. மேலே இருக்கிறவர் கொஞ்சம் கூட எடுத்தால் கடைமடையில் பயிர் வாடும். அதைச் சமாளிக்கத்தான் போகம் தொடங்க முதல் ஆரம்பக் கூட்டம் போட்டு, எந்தத் திகதியில் மதகு திறப்பது, எந்தத் திகதிக்குள் விதைப்பது, மாட்டை எப்போது அப்புறப்படுத்துவது என்று எல்லோரும் இருந்து பேசி முடிவெடுக்கிறார்கள். நம் ஊர்களில் இனம் பார்க்காமல் கூடுகிற கூட்டங்களில் எனக்குத் தெரிந்து இதைவிடப் பழையது இல்லை. மாட்டை அப்புறப்படுத்த ஒரு இடம் இருந்தால்தான் அந்தக் கூட்டத்தில் எடுத்த முடிவுக்கு அர்த்தம்.

யானைக் கதையும் இதேதான். பற்றைக்காட்டை டோசர் வைத்துத் தள்ளினால் யானை காற்றில் கரைந்து போகாது, அடுத்த ஊருக்கு வரும். பிறகு யானை வெடி, மின்வேலி, பரணில் விழித்திருக்கிற ஆம்பிளைகள், இரவில் வெளியே போகப் பயப்படுகிற பிள்ளைகள்.

தண்ணீரைச் சும்மா நினைக்கக்கூடாது என்பதற்கு எங்களுக்கு வேறு ஆதாரம் தேவையில்லை. 1986 ஏப்ரல் 20 விடியப்புறம் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். 2006இல் மாவிலாற்று மதகு மூடப்பட்டதோடு யுத்தமே மறுபடி மூண்டது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு கங்கை பெருகி மாவிலாற்று அணைக்கட்டு உடைந்தபோது மூதூர், வெருகல் பக்கம் சனம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியது. வெள்ளம் படுக்கிற தாழ்நிலத்தை நிரப்பி மதில் கட்டினால், கங்கையில் மணலைக் கண்மண் தெரியாமல் அள்ளிக் கரையைக் கரைத்தால், அந்தத் தண்ணீர் வேறு எங்கே போகும்? நம் வீட்டுக்குள்தான்.

சரி, என்ன செய்யலாம்? முதலில் ஒவ்வொரு பிரதேச செயலகப் பிரிவிலும் மேய்ச்சல் தரைகளை அளந்து எல்லை போட்டு வர்த்தமானியில் அறிவியுங்கள். எத்தனை கூட்டத்தில் பேசியாயிற்று! ஒரு திட்டத்துக்குக் காணி பார்க்க வருகிறவர்கள் கோடையில் ஒரு தரம், மாரியில் ஒரு தரம் வர வேண்டும். வந்தால் கிராம சேவகரிடம் மட்டும் கேட்டுவிட்டுப் போகாமல் பட்டிக்காரர், நன்னீர் மீன் பிடிப்பவர், பன் அறுக்கிற, மட்டி எடுக்கிற பெண்கள், இவர்களிடம் கேட்டு அதையும் அறிக்கையில் எழுத வேண்டும். சூரியப் படலம் போட அரச கட்டடக் கூரைகள் இருக்கின்றன, பாடசாலைகள் இருக்கின்றன, களஞ்சியங்கள் இருக்கின்றன. அதையெல்லாம் நிரப்பி முடித்த பிறகு புல் தரைக்கு வாருங்கள், அப்போது பேசலாம்.

உங்கள் பகுதியில் இப்படிப் பறிபோன அல்லது பறிபோகப் போகிற மேய்ச்சல் தரை, வில்லு, கண்டல் ஓரம் எது என்று கீழே எழுதுங்கள். ஊர்ப் பெயரோடு, எந்த மாதத்தில் யார் அங்கே என்ன செய்கிறார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அடுத்த ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்துக்கு அதைக் கொண்டுபோகலாம்.