கூழுக்கும் சேவைக் கட்டணமா?

'பாரம்பரியம்' என்று பலகை தொங்கவிட்டால் என்ன விலையும் போடலாம் போல. கனடாவிலிருந்து வந்த மச்சானுக்காகக் கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துத் தீவுப் பக்கம் போனோம். பழைய வீட்டைப் புதுப்பித்த பெரிய உணவகம். தூண், திண்ணை, முற்றம் எல்லாம் வடிவுதான், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் உபசரிப்பு? பக்கத்து மேசை வெள்ளைக்காரருக்கு ஈரத் துவாயும் இளநீரும் போனது. எங்களுக்குத் தண்ணீரே கேட்டுக் கேட்டுத்தான் வந்தது.

அப்புறம் கூழ். ஒடியல் மாவோடு (காயவைத்த பனங்கிழங்கின் மா) நண்டு, இறால், மீன், பலாக்கொட்டை, மரவள்ளி, பயிற்றங்காய் எல்லாம் கிடந்து கொதிக்க வேண்டிய சாமான். வந்ததோ சின்னச் சிரட்டையில், மேலே ஒற்றை இறாலோடு. "இன்னும் கொஞ்சம் விடுங்கோ தம்பி" என்று அம்மா கேட்க, "அது தனி ஓடர் அம்மா" என்றார். வன்னியில் கூழ் காய்ச்சினால் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தவருக்கும் ஒரு பிளா, பனையோலையில் மடித்த கிண்ணம், நிறையப் போகும்!

பில்லில் 10 வீதம் சேவைக் கட்டணம் வேறு. எந்தச் சேவைக்கு என்று மச்சான் கேட்டார். சரி, காசைக் கட்டுங்கோ, போகிற வழியில் பரந்தனில் கொத்து சாப்பிடலாம் என்றேன். எல்லாருக்கும் பசி.