குரோமியக் கழிவும் மண் பாக்டீரியாக்களும்

ராணிப்பேட்டையில் குவிந்து கிடக்கும் குரோமியக் கழிவை பாக்டீரியாக்களே தின்று தீர்த்துவிடும் என்ற தொனியில், இவற்றைப் பற்றி நான் படித்த கட்டுரை முடிவது சற்று அவசரம் என்றே எனக்குப் படுகிறது. ஹெக்ஸாவேலன்ட் குரோமியம் (குரோமியத்தின் நச்சு மிக்க வடிவம்), ஆக்சிஜனுடன் சேர்ந்த குரோமேட் வடிவில், செல்லுக்குத் தேவையான கந்தகச் சேர்மமான சல்பேட்டை ஒத்திருப்பதால், சல்பேட்டுக்கென உள்ள வழியாகவே பாக்டீரியாவின் செல்லுக்குள் நுழைந்து, அங்கே ஒடுக்கமடையும்போது (எலக்ட்ரான்களைப் பெறும்போது) உண்டாகும் வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் வகைகளால் டிஎன்ஏவைச் சிதைக்கிறது. அதைத் தாங்கி நிற்பவை, உள்ளே வந்த குரோமேட்டை வெளியே தள்ளும் புரதப் பம்புகளைக் கொண்ட சில இனங்களே. 1976-இல் பெல்ஜியத்தின் துத்தநாக ஆலைத் தொட்டி ஒன்றிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட குப்ரியாவிடஸ் மெட்டாலிடுரான்ஸ் என்ற பாக்டீரியா அத்தகையது. ஆனால் வெளியே தள்ளுவது வேறு, நச்சை முறிப்பது வேறு (கட்டுரை இரண்டையும் குழப்பிக்கொள்கிறது). அந்தக் குரோமியத்தை நச்சு குறைந்த டிரைவேலன்ட் குரோமியமாக மாற்றும் இனங்கள்கூட உலோகத்தை அழிப்பதில்லை. எளிதில் கரையாத வடிவில் மண்ணிலேயே விட்டுவைக்கின்றன. உலோக எதிர்ப்பு மரபணுக்கள் பல நேரங்களில் ஆன்டிபயாடிக் எதிர்ப்பு மரபணுக்களுடன் ஒரே பிளாஸ்மிடில் (பாக்டீரியாக்களிடையே கைமாறக்கூடிய சிறு டிஎன்ஏ வளையம்) பயணிப்பதையும் கட்டுரையாளர் தொட்டிருக்கலாம்.