குளச்சலுக்கு ஒரு நங்கூரம் வேண்டும்

எங்க சித்தப்பா நம் கடற்படையின் ஐஎன்எஸ் ராஜ்புத் போர்க்கப்பலில், என்ஜின் ரூமில் வேலை பார்த்தவர். ரிட்டையர் ஆகி ஊருக்கு வந்தபிறகு ஒருநாள், கப்பல் எவ்வளவு பெரிசு என்று பிள்ளைகள் கேட்டார்கள். குளச்சல் கடற்கரை மணலில் காலால் ஒரு கோடு போட்டுவிட்டு நடக்க ஆரம்பித்தார். ஏறக்குறைய இருநூறு எட்டு. அங்கே நின்று இன்னொரு கோடு. "அங்க இருந்து இங்க வர கப்பலு மக்ளே."

147 மீட்டர். ஏற்றி வைத்திருந்த வள்ளங்கள் எல்லாம் அந்த இரண்டு கோட்டுக்குள் அடங்கிவிட்டன.

முழு பாரத்தோடு ஏறக்குறைய 5,000 டன் எடையுள்ள அந்த நாசகாரிக் கப்பலை நான்கு கேஸ் டர்பைன்கள் தள்ளும். உச்ச வேகம் 35 நாட், அதாவது மணிக்கு 65 கிலோமீட்டர் அளவில். அந்த டர்பைன் சத்தத்திலேயே வருஷக்கணக்கில் நின்றதால் சித்தப்பாவிடம் இப்போதும் உரக்கத்தான் பேச வேண்டும்.

உக்ரைனின் மிக்கோலாயிவ் நகரத்தில் கட்டிய கப்பல் அது. அங்கே அதற்கு வைத்த பெயர் நதேஜ்னி. நம்பகமானது என்று அர்த்தம். 1980 மே 4-இல் நம் கடற்படையில் சேர்ந்தது. 1987-இல் இலங்கைக்குப் போன அமைதிப்படைக்குத் துணையாக நின்றது. 1988-இல் மாலத்தீவில் ஆட்சியைக் கவிழ்க்கப் பார்த்தபோது நடந்த ஆபரேஷன் காக்டஸிலும் இருந்தது. நம் குமரி மாவட்டத்துத் தூத்தூர் மீனவர்கள் சுறாவுக்குப் போகிற கடல்தானே அது! அப்புறம், பிரம்மோஸ் ஏவுகணையைக் கடலில் சோதித்துப் பார்க்க இந்தப் பழைய கப்பலைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். பழைய ஏவுகணைக் கூண்டுகளில் இரண்டைக் கழற்றிவிட்டு, பக்கத்துக்கு இரண்டாக நான்கு பிரம்மோஸ்களை ஏற்றினார்கள். 2021 மே 21-இல் விசாகப்பட்டினத்தில் கொடியை இறக்கி, கப்பலுக்கும் ஓய்வு கொடுத்தார்கள். கொரோனா காலம், பெரிய கூட்டம் கூட முடியவில்லை. சித்தப்பா அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

41 வருஷம் உழைத்த கப்பலில் நம் பிள்ளைகள் தொட்டுப் பார்க்க இந்தக் கரையில் ஒரு துண்டு இரும்பாவது இருக்க வேண்டாமா?

விசாகப்பட்டினக் கடற்கரையில் குர்சுரா நீர்மூழ்கி 2002 முதல் அருங்காட்சியகமாக இருக்கிறது. வாக்லி நீர்மூழ்கியை மாமல்லபுரத்தில் வைக்கப் போட்ட திட்டம் நடக்காமலே போனது. அதனால் முழுக் கப்பல் கேட்க எனக்குத் துணிவில்லை. பராமரிப்புச் செலவும் தாங்காது. ஒரு நங்கூரம் போதும். கூட ஒரு ப்ரொப்பெல்லர் கிடைத்தால் இன்னும் நல்லது. ராஜ்புத்தினுடையது கிடைக்காவிட்டாலும், அதோடு ஒரே வகையில் வந்த ரண்வீர், ரண்விஜய் இரண்டும் 1986, 1987-இல் சேர்ந்த வயதான கப்பல்கள். அவற்றை உடைக்கும் நாளுக்கு முன்பே நம் மாவட்டத்திலிருந்து மனு போயிருக்க வேண்டும்.

வைக்க இடமும் இருக்கிறது. 1741-இல் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களைத் தோற்கடித்ததற்காக நட்ட வெற்றித்தூண் குளச்சலில்தானே நிற்கிறது. அதன் பக்கத்தில், சின்னப் பிள்ளைக்கும் கை எட்டுகிற உயரத்தில் வையுங்கள். அங்கிருந்து 147 மீட்டர் தள்ளி இன்னொரு கல் நடுங்கள். இரண்டுக்கும் நடுவே பிள்ளைகள் நடக்கட்டும்.