அப்பாவின் கையிலிருந்து மைக்கை வாங்கியவர்களுக்கு

அந்த இருபது விநாடி வீடியோவை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எங்கள் குடியிருப்பின் குடியரசு தின விழா. "பெரியவரே, அது வெள்ளைக்காரன் சண்டை, நமக்கு எதுக்கு? டிபன் ஆறிப்போகுது" என்று சொல்லி அப்பாவின் கையிலிருந்து மைக்கை வாங்குவதும், கூட்டம் சிரிப்பதும் அதில் இருக்கிறது. அதற்கு முன் நான்கு நிமிடம் அவர் என்ன பேசினார் என்பது இல்லை.

அவர் பேசியது 1944இல் இந்தியாவின் வடகிழக்கு எல்லையில், நாகா மலையின் கோஹிமாவிலும் மணிப்பூரின் இம்பாலிலும், பிரிட்டிஷ் இந்திய ராணுவத்துக்கும் ஜப்பானுக்கும் நடந்த போரைப் பற்றி. அது நம் சண்டையும்தான்.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது, மார்ச்சில் ரங்கூன். ஏப்ரலில் விசாகப்பட்டினத்தில் ஜப்பான் குண்டு போட்டது. அடுத்தது மதராஸ்தான் என்று பயந்து பாதி ஊர் காலியானது. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் வெளியே வந்துவிடும் என்று மிருகக்காட்சிசாலையின் சிங்கம், புலிகளைச் சுட்டுக் கொன்றார்கள். எங்கே? சென்ட்ரல் பக்கத்தில், நாம் தினமும் பஸ்ஸில் கடக்கிற இடத்தில். இது நமக்குச் சம்பந்தமில்லாத போரா?

அப்படி ஜெயித்துக்கொண்டே வந்த ஜப்பான் ராணுவம் திரும்பி ஓடியது கோஹிமா, இம்பாலில்தான். முடகுச்சி என்ற ஜப்பானியத் தளபதி டிவிஷன் எனப்படும் பெரிய படைப்பிரிவுகள் மூன்றோடு, ஏறக்குறைய 85,000 பேரோடு, 1944 மார்ச்சில் பர்மாவிலிருந்து எல்லை தாண்டினார். கையில் இருந்தது மூன்று வார உணவு. மீதியை இம்பாலில் பிடித்துக்கொள்ளலாம் என்பது கணக்கு. இம்பால் விழவில்லை. கோஹிமா வழியாக இம்பாலுக்கு வரும் சாலையை ஜப்பானியர் அடைத்தபோது விமானத்தில் அரிசியும் தோட்டாவும் வந்து இறங்கின. கோஹிமாவில் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தின் சுமார் 1,500 வீரர்கள் ஒரு முழு டிவிஷனை இரண்டு வாரம் நிறுத்திவைத்தார்கள். துணை ஆணையர் பங்களாவின் டென்னிஸ் மைதானத்துக்கு இந்தப் பக்கம் இவர்கள், அந்தப் பக்கம் அவர்கள். கடைசியில் சாட்டோ என்ற ஜப்பானிய டிவிஷன் தளபதி, தன் ஆட்களுக்குச் சோறு இல்லை என்று மேலிட உத்தரவை மீறிப் பின்வாங்கினார். ஜூன் 22ஆம் தேதி அந்தச் சாலை மறுபடி திறந்தது. ஜப்பான் தரப்பில் செத்தவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது பசியும் நோயும். அடுத்த வருடம் மே மாதம் ரங்கூனும் ஜப்பான் கையிலிருந்து பிரிட்டிஷ் கைக்குத் திரும்பியது.

"வெள்ளைக்காரன் ராஜ்யத்தைக் காப்பாற்றத்தானே சண்டை போட்டார்கள்?" என்பீர்கள். ஆமாம். ஆனால் அந்தப் படையில் பெரும் பகுதி இந்தியர்கள். செத்தவன் நம் ஊர்க்காரன்.

அப்புறம், இன்பாக்ஸில் வந்து "அப்போ நீ நேதாஜிக்கு எதிரியா?" என்று கேட்ட அந்த நண்பருக்கு. இல்லை. அப்பாவின் அறையில் மாட்டியிருக்கிற ஒரே தலைவர் படம் நேதாஜியுடையது. அவருடைய இந்திய தேசிய ராணுவமான ஐ.என்.ஏ.வும் அதே போரில், ஜப்பான் பக்கம், இருந்தது. இம்பால் பக்கத்துப் பல்லேல் விமான தளத்தைத் தாக்கியது அவர்கள்தான். மலேயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து சேர்ந்த தமிழர்கள் அந்தப் படையில் ஏராளம். அதன் பெண்கள் பிரிவான ஜான்சி ராணி படைக்குத் தலைமை தாங்கிய கேப்டன் லட்சுமி நம் சென்னையில் டாக்டருக்குப் படித்தவர். எதிர்ப்பக்கம், பர்மா போர்முனையில் பாலமும் சாலையும் போட்ட மதராஸ் சாப்பர்கள் என்ற ராணுவப் பொறியாளர் படையினரும் நம் ஆட்கள். இரண்டு பக்கமும் தமிழ் பேசிய போருக்கு வெள்ளைக்காரன் சண்டை என்று பெயர் வைத்தால் நான் எப்படிச் சும்மா இருப்பேன்? ஒருவனைத் தியாகி என்றும் இன்னொருவனைக் கூலிக்காரன் என்றும் சொல்ல எனக்கு மனசு வராது. அப்பாவுக்கும் வராது. அதைத்தான் அன்று சொல்ல ஆரம்பித்திருந்தார்.

லண்டனில் இருக்கிற தேசிய ராணுவ அருங்காட்சியகம் 2013இல் பிரிட்டனின் மிகப் பெரிய போர் எது என்று வாக்கெடுத்தபோது ஜெயித்தது வாட்டர்லூ இல்லை, இம்பால்-கோஹிமாதான். அவர்கள் கொண்டாடுகிறார்கள். நாம் மைக்கைப் பிடுங்குகிறோம்.

"அதுக்குக் குடியரசு தினம்தான் கிடைத்ததா?" என்று ஒருவர் எழுதியிருந்தார். வேறு எந்த நாளில் அவர் கையில் மைக் கொடுப்பீர்கள், சொல்லுங்கள்.

அப்பா அந்தச் சாலையில் நடந்தவர். 1942இல், ஆறு வயதில், ரங்கூனிலிருந்து கிளம்பி, எல்லையோரத் தாமு வழியாக மலை ஏறி, பல்லேல், இம்பால், திமாப்பூர் வரை. தாத்தா தோளில் ஒரு பித்தளைக் குடம், பாட்டி இடுப்பில் சித்தப்பா. அத்தைக்கு அப்போது ஒன்பது வயது. பல்லேலுக்கு ஒரு நாள் நடை இருக்கும்போது வாந்திபேதி கண்டது. குழி தோண்டக்கூட நேரம் இல்லாமல் ஒரு மரத்தடியில் வைத்து இலை போட்டு மூடிவிட்டு நடந்தார்கள். இரண்டு வருடம் கழித்து அதே சாலையில் படைகள் வந்தன. அக்கா படுத்திருந்த இடத்தின் மேல்தான் பீரங்கி போயிருக்கும் என்று அப்பா எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். மைக்கை வாங்கியபோது அவர் அத்தையின் பெயரைச் சொல்லப்போனார். எனக்குத் தெரியும், ஏனென்றால் முந்தின நாள் இரவு அதை ஒரு தாளில் எழுதி என்னிடம் படித்துக் காட்டினார்.

இப்போது காலை நடைக்குக் கீழே இறங்குவதில்லை. முட்டி வலி என்கிறார். நேற்று இரவு மாத்திரை கொடுக்கப் போனபோது, "நான் ரொம்ப நேரம் பேசிட்டேனாப்பா?" என்று கேட்டார்.

குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் அந்த வீடியோ இன்னும் இருக்கிறது. தயவு செய்து நீக்குங்கள்.