ஊரே ஒரே வாரத்தில் கேட்கும் வண்டி

சென்னையில் செயலியைத் தட்டி ஆட்டோ பிடிக்கிற மாதிரி டெல்டாவில் அறுவடை மிஷினையும் பிடித்துவிடலாம் என்று எழுதுகிறார்கள். பாதிதான் சரி. நகரத்து ஆட்டோ காலையில் ஒருவருக்கு, மதியம் இன்னொருவருக்கு என்று வருஷம் முழுக்க ஓடும். இங்கே தை பிறந்தால் மன்னார்குடி, திருவாரூர், திருத்துறைப்பூண்டி என்று சம்பா மொத்தமாகப் பழுத்து நிற்கும். உழவன் செயலியில் வேளாண்மைப் பொறியியல் துறை வண்டிக்குப் பதியலாம், நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த நேரத்தில் எல்லோரும் அதே வண்டியைக் கேட்பார்கள். மிச்சம் வெளி மாவட்டத்து வண்டியும் புரோக்கரும். மழை வரும் என்று டிவியில் சொன்னாலே மணி வாடகை ஏறிவிடும், அதற்குச் செயலி தேவையில்லை.

தனி ஆளாகப் பேசாதீர்கள். மூன்று மா, அதாவது சுமார் ஒரு ஏக்கர் வயலுக்காக வண்டியை ஏற்றி இறக்க எந்த டிரைவரும் யோசிப்பார். ஒரே வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சும் நாலைந்து பேர் சேர்ந்து பத்து, பதினைந்து ஏக்கராகப் பேசினால் வண்டியும் வரும், வாடகையும் படியும். இதை நடவுக்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். 155 நாள் நெல் ரகமான சிஆர் 1009 வெளிவயலில் இன்னும் நிற்க, உள்வயலில் 125 நாள் ரகமான ஆடுதுறை 39 பழுத்தால் வண்டி எந்த வழியாகப் போகும்?

மணிக்கணக்கில்தான் தகராறு. வண்டி வயலில் இறங்கியதும் அது ஓடிய மணியைக் காட்டும் மீட்டரைப் படம் எடுங்கள். பழுதுபார்க்கும் நேரம் கணக்கில் சேராது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். 2023 பிப்ரவரி மழையில் ஆனதுபோல் பயிர் சாய்ந்துவிட்டால் ஒரு பக்கமாகத்தான் அறுக்க முடியும். வெறும் வண்டி திரும்பி வருகிற நேரத்துக்கும் காசு உங்களுடையது.

காய்ந்த வயலுக்கு டயர் வண்டி போதும். அறுவடைக்கு முன்பே நெல்லுக்குள் உளுந்து தெளித்த வயலில் மெழுகுப் பதம், அதாவது மெழுகு மாதிரி ஈரம் இருக்கும், அங்கே டயருக்குப் பதில் பட்டையில் ஓடும் செயின் வண்டிதான். அதையும் வரப்போரம் திரும்பச் சொல்லுங்கள். நடுவயலில் சுழன்றால் உளுந்து முளை சேற்றில் புதையும். பனி உலருமுன் அறுத்தால் நெல்லில் ஈரம் ஏறும், கொள்முதல் நிலையத்தில் 17 சதவீதம் தாண்டினால் மூட்டை அப்படியே நிற்கும். முதல் சுற்று முடிந்ததும் வண்டிக்குப் பின்னால் வைக்கோலை உதறிப் பாருங்கள். நெல்மணி கொட்டினால் வண்டியின் வேகத்தையும் பதரை ஊதித் தள்ளும் காற்றையும் குறைக்கச் சொல்ல வேண்டும்.

விதை நெல்லுக்கு மட்டும் இந்த வாடகை வண்டியே வேண்டாம். முந்தின ஊர் நெல் வண்டியின் டேங்கில் ஒட்டியிருக்கும், உங்கள் விதையோடு கலந்துவிடும். விதைக்கு வேண்டிய அளவையாவது ஆள் வைத்து அறுத்துக்கொள்ளுங்கள்.