வாசித்துப் பாருங்கள், அப்புறம் பேசலாம்

நேற்று இங்கே நடந்த கூத்தைப் பார்த்திருப்பீர்கள். அயர்லாந்துத் தொலைக்காட்சியின் முதல் செய்தி வாசிப்பாளர் சார்லஸ் மிட்செல் பற்றி நாலு வரி எழுதினேன். "எழுதிக் கொடுத்ததை வாசித்தவருக்கு இவ்வளவு பில்டப்பா?" என்று நண்பர் கேட்டார். அதற்கு நூற்றுச் சொச்சம் சிரிப்புப் பொம்மைகள். சரி, சிரித்து முடித்தாயிற்றா?

1961 டிசம்பர் 31 இரவு டப்ளினில் அயர்லாந்தின் சொந்தத் தொலைக்காட்சி தொடங்கியது. வாழ்த்த வந்த குடியரசுத் தலைவர் டி வலேரா, இது அணுசக்தி மாதிரி, பெரிய நன்மையும் செய்யும், நாசமும் செய்யும் என்று பயமுறுத்திவிட்டுப் போனார். அந்தப் பெட்டிக்குள் முதலில் செய்தி வாசிக்க உட்கார்ந்தவர் மிட்செல். எங்கே நிறுத்துவது, எப்போது நிமிர்ந்து பார்ப்பது, பார்த்துப் பழக உள்ளூரில் ஒருவர்கூடக் கிடையாது. வெறுமனே வாசித்தாராம்!

"அவர் நடிகர்தானே?" ஆமாம், டப்ளினின் கேட் தியேட்டர் நாடக நடிகர். செய்தி சேகரிக்கப் போனவர் இல்லை. அதனால் என்ன? எங்கே நடிக்கக் கூடாது என்பது மேடை ஏறியவருக்குத்தான் தெரியும். 1963 ஜூனில் அமெரிக்க அதிபர் கென்னடி அயர்லாந்து வந்தார், முன்னோர் வாழ்ந்த வெக்ஸ்ஃபோர்டுக்கே போனார். நாடே வீட்டுப் பிள்ளையாகக் கொண்டாடியது. ஐந்தே மாதத்தில், நவம்பர் 22 அன்று, அந்தப் பிள்ளையைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள் என்று அதே வீடுகளுக்குச் சொன்னவர் மிட்செல். அதுவும் 'எழுதிக் கொடுத்தது'தான்.

நானும் வாசித்திருக்கிறேன். எங்கள் ஊர் கேபிள் டிவியில், இரண்டு வருடம். மாதம் எண்ணூறு ரூபாய். மேலே சட்டையும் டையும், மேஜைக்குக் கீழே லுங்கி. ஒருநாள் பஸ் விபத்து. நேரலை ஓடும்போதே தாளை நீட்டினார்கள். இறந்தவர்களில் மூன்றாவது பெயர், என்னோடு பத்தாவது படித்தவன். வாசித்தேன். ழகரம்கூடப் பிசகவில்லை. வெளியே வந்ததும், "கொஞ்சம் வேகமா போயிருக்கலாம், ஒரு விளம்பரம் விட்டுப்போச்சு" என்றார் பொறுப்பாளர். அங்கேயும் நான் வாசிக்கிறவன்தானே!

இப்போது ஏஐ வாசிக்கிறதே என்கிறார் இன்னொரு அறிவாளி. வாசிக்கட்டும். அதோடு யாரும் பத்தாவது படிக்கவில்லை.

மிட்செல் 1984 வரை வாசித்தார், 22 வருடம். நம் நண்பர் நேற்று இரவு லைவில் மூன்று நிமிடம் பேசினார். அதற்குள் மிட்செல் பெயரையே இரண்டு விதமாகச் சொல்லிவிட்டார். யாராவது எழுதிக் கொடுத்திருக்கலாம்.