சர்டிபிகேட் இருக்கா என்று கேட்டார்கள்

போன வாரம் எங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் ஒரு கேள்வி வந்தது. "உங்க மாமா அனுப்புற அரிசிக்கு ஆர்கானிக் சர்டிபிகேட் இருக்கா?" கேட்டவர் புதிதாகக் குடிவந்தவர், வீட்டில் சின்னக் குழந்தை. கேட்டதில் தவறே இல்லை. இருக்கிறது என்று சொல்லி மாமாவின் பி.ஜி.எஸ். என்ற ஆர்கானிக் சான்றிதழைப் படம் எடுத்துப் போட்டேன். ஒரு நிமிடத்துக்குள் ஐந்தாறு பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். கேட்டவரும் "சூப்பர், எனக்கு 10 கிலோ" என்றார்.

அந்த ஒரு நிமிடம்தான் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. யாரும் அந்தத் தாளைப் படிக்கவில்லை. அதில் என்ன பிரிவு போட்டிருக்கிறது, யார் கொடுத்தார்கள், எந்த வயலுக்கு, எத்தனை வருடத்துக்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் வேறு எவருடைய சான்றிதழைப் போட்டிருந்தாலும் அதே கட்டைவிரல்தான் வந்திருக்கும். நாலு வருடமாக இந்த அரிசியை இருபது வீடுகளுக்கு வாங்கித் தருகிறேன். நானாவது முன்பே உட்கார்ந்து விளக்கியிருக்க வேண்டும். அதனால் இன்று எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பாக்கெட்டில் இருக்கும் எண்ணும் முத்திரையும். எதை எடுத்தாலும் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) என்று போட்டு 14 இலக்க எண் ஒன்று இருக்கும். அது இருந்தால் "கவர்மென்ட் டெஸ்ட் பண்ணின பொருள்" என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அந்த எண் அந்தத் தொழில் நடத்துபவருக்குக் கொடுத்த பதிவு அல்லது உரிமம். பிரச்சினை வந்தால் யாரைப் பிடிப்பது என்று தெரியும், அது பெரிய விஷயம்தான். ஆனால் உங்கள் கையில் இருக்கும் அந்தப் பாக்கெட்டை யாரும் பிரித்துப் பார்த்ததாக அதற்கு அர்த்தம் கிடையாது.

அக்மார்க் வேறு. 1937ஆம் வருடச் சட்டத்தின் கீழ் வந்தது. இது பொருளையே தரம் பிரிக்கும் முத்திரை. ஈரப்பதம் எவ்வளவு, கல் மண் எவ்வளவு, கலப்படம் உண்டா என்று பார்த்து ஒரு தரத்தில் வைப்பார்கள். நெய் டப்பாவில் சிவப்பு லேபிள் என்றால் ஸ்பெஷல் தரம், பச்சை என்றால் ஜெனரல். நல்ல முறை. ஆனால் அந்த மாடு என்ன தின்றது, அந்த மிளகாய்க்கு எத்தனை தடவை மருந்தடித்தார்கள் என்பது அக்மார்க்கின் கேள்வியே இல்லை.

ஆர்கானிக் சான்று இதற்கு நேர் எதிர்ப் பக்கத்திலிருந்து வருகிறது. அது அரிசியைப் பார்ப்பதைவிட அரிசி வந்த வழியைப் பார்க்கிறது. ஏன் அப்படி என்று எனக்கும் ரொம்ப நாள் புரியவில்லை. லேபில் கொடுத்து டெஸ்ட் செய்துவிட்டால் முடிந்ததே, எதற்கு நோட்டு, வரப்பு, உறுதிமொழி எல்லாம் என்று நினைத்திருக்கிறேன். விஷயம் இதுதான். பூச்சிமருந்து எச்சத்தை லேப் கண்டுபிடிக்கும், அதுவும் எந்தெந்த மருந்துகளைத் தேடச் சொன்னோமோ அவற்றை மட்டும். ஆனால் வயலில் யூரியா போட்டார்களா என்று வழக்கமான எந்த டெஸ்டும் அரிசியை வைத்துச் சொல்லாது. நெல் எடுத்துக்கொண்ட தழைச்சத்து யூரியா மூட்டையிலிருந்து வந்ததா, பசுந்தாள் உரமான தக்கைப்பூண்டை மடக்கி உழுததில் வந்ததா என்று அரிசியில் எழுதியிருக்காது. அதைத் தெரிந்துகொள்ள ஒருவர் வயலுக்குத்தான் போக வேண்டும்.

டெஸ்ட் என்பது தேடியதைத்தான் கண்டுபிடிக்கும் என்பதற்குத் தேன் நல்ல உதாரணம். 2020 டிசம்பரில் டெல்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 13 பிராண்டு தேனைச் சோதித்த முடிவை வெளியிட்டது. பெரிய பிராண்டுகள் இங்கிருக்கும் அடிப்படைச் சோதனைகளில் பெரும்பாலும் தேறிவிட்டன. என்.எம்.ஆர். என்ற நுட்பமான சோதனைக்கு ஜெர்மனிக்கு அனுப்பியபோது எல்லாவற்றிலும் தேறியவை மூன்றுதான். நிறுவனங்கள் அந்த முடிவை மறுத்தன. எனக்கு அதில் மனதில் நின்றது ஒன்றுதான், வழக்கமான சோதனையில் தேறும் மாதிரியே சர்க்கரைப் பாகைத் தயாரிக்க முடிகிறது.

சரி, வயலுக்கு வருவோம். மாமாவுக்கு மன்னார்குடி பக்கம் ஒன்பது மா, அதாவது சுமார் 3 ஏக்கர். மாப்பிள்ளைச் சம்பா, தூயமல்லி, கொஞ்சம் கருப்புக் கவுனி. டெல்டாவில் இயற்கை விவசாயம் செய்வதில் ஒரு தனிக் கஷ்டம் இருக்கிறது. தண்ணீர் வயலுக்கு வயல் பாயும். மேல் வயல்காரர் களைக்கொல்லி அடித்தால் அது வரப்பில் நின்றுவிடாது. மாமா முதல் வயலின் மடைவாயில் கல்வாழை நட்டிருக்கிறார், தண்ணீர் அதைத் தாண்டித்தான் உள்ளே வரும். அத்தோடு விடுவதில்லை. பக்கத்து வயலை ஒட்டிய ஒரு மா நெல்லைத் தனியாக அறுத்து, தனியாகக் கட்டி, சாதா நெல் விலைக்கே போடுகிறார். "இதுல என்ன கலந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. தெரியாததை எப்படிம்மா ஆர்கானிக்னு விக்கிறது?" என்பார். அந்த ஒரு மாவின் நஷ்டம் உங்கள் கிலோ விலைக்குள் இருக்கிறது.

அறுவடை மிஷின் இன்னொரு பாடு. அது முந்தின நாள் யாரோ ஒருவர் வயலில் ஓடிவிட்டு, வயிற்றில் அந்த நெல்லோடு வந்து நிற்கும். சுத்தம் செய்யச் சொன்னால் மணிக்கணக்கு வாடகை ஓடுகிறது என்று டிரைவர் கோபப்படுவார். அதனால் முதலில் விழும் இரண்டு மூட்டையை ஒதுக்கிவிடுவார்கள். உரச் சாக்கில் நெல் கட்டக்கூடாது. மில்லில் முதல் ஆளாகப் போக வேண்டும், அல்லது மிஷினைத் துடைக்க வைக்க வேண்டும். வெளியிலிருந்து சாணம் வாங்கினால் யாரிடம், எத்தனை டிராக்டர் என்று நோட்டில் எழுத வேண்டும். இத்தனையும் சேர்ந்ததுதான் அந்த ஒரு தாள்.

இனி அந்தத் தாள் எங்கிருந்து வருகிறது. நம் நாட்டில் முக்கியமாக இரண்டு வழி. ஒன்று என்.பி.ஓ.பி. என்ற தேசிய ஆர்கானிக் உற்பத்தித் திட்டம், 2000ஆம் ஆண்டுவாக்கில் மத்திய வர்த்தக அமைச்சகம் ஏற்றுமதியை மனதில் வைத்துத் தொடங்கியது, வேளாண் ஏற்றுமதியைக் கவனிக்கும் அரசு அமைப்பான அபெடா மேற்பார்வை. இதில் வெளியிலிருந்து ஒரு சான்று நிறுவனம் வந்து பார்க்கும். நம் ஊரில் கோயம்புத்தூரைத் தலைமையிடமாகக் கொண்ட அரசின் அங்ககச் சான்றளிப்புத் துறையே 2007 முதல் இதைச் செய்கிறது, தனியார் நிறுவனங்களும் உண்டு. நெல் போன்ற பயிருக்கு விதைப்பதற்கு முன் இரண்டு வருட மாறுதல் காலம், தென்னை, மா மாதிரி மரப்பயிருக்கு மூன்று வருடம். அந்த வருடங்களில் உழைப்பு முழுவதும் இயற்கை முறையில், விலை மட்டும் சாதா விலை.

இந்த முறையில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம், விற்கும் ஒவ்வொரு சரக்குக்கும் தனிப் பரிவர்த்தனைச் சான்று வேண்டும். 3 ஏக்கர் நிலத்தில் ஐம்பது மூட்டை விளையும் என்று பதிவாகியிருந்தால் அந்தப் பெயரில் நூறு மூட்டை விற்க முடியாது. கணக்கு கண்ணில் பட்டுவிடும்.

பிடிக்காத விஷயம், சோதிக்கப்படுபவரே சோதிப்பவருக்குக் காசு கொடுக்கிறார். பெரிய குழுக்களில் 500 விவசாயிகள் வரை ஒரே சான்றுக்குள் இருப்பார்கள். குழுவின் உள் ஆய்வாளர்தான் எல்லா வயலுக்கும் போவார், வெளி ஆய்வாளர் ஒரு பகுதியை மட்டும் பார்ப்பார். பல இடங்களில் சான்றுக்குப் பணம் கட்டியது நெல் வாங்கும் கம்பெனி. தாளும் கம்பெனியிடம், விவசாயி வேறு யாருக்கும் ஆர்கானிக் என்று சொல்லி விற்க முடியாது. 2025 ஜனவரியில் வந்த எட்டாம் பதிப்பு விதிகளில் விவசாயிகள் குழுவே சட்டப்படி பதிவான அமைப்பாக இருக்க வேண்டும் என்று கொண்டுவந்திருக்கிறார்கள். ரொம்பத் தாமதம், ஆனாலும் சரியான திசை.

இந்த ஓட்டைகளின் விலையை நாடே கொடுத்திருக்கிறது. 2021 ஜனவரியில் அமெரிக்கா, அபெடாவின் அங்கீகாரத்தை அப்படியே ஏற்றுக்கொள்வதை நிறுத்தியது. இந்திய எள்ளில், கிருமியைக் கொல்லப் புகையாகப் போடும் எத்திலீன் ஆக்சைடு இருப்பதாக 2020இல் பெல்ஜியத்திலிருந்து எச்சரிக்கை கிளம்பியது. ஆர்கானிக் சான்றோடு போன சரக்கிலும் அது இருந்தது. 2022 தொடக்கத்திலிருந்து ஐரோப்பிய ஒன்றியம் இங்குள்ள ஐந்து சான்று நிறுவனங்களின் அங்கீகாரத்தை எடுத்துவிட்டது. எங்கோ கிடங்கில் புகை போட்டதற்கு, ஒழுங்காக எள் விதைத்தவரின் சந்தையும் சேர்ந்து போனது. இதைப் படித்தபோது எனக்கு மாமாவின் அந்த ஒரு மா நெல்தான் நினைவுக்கு வந்தது.

இரண்டாவது வழி பி.ஜி.எஸ். இந்தியா, மத்திய வேளாண் அமைச்சகத்தின் கீழ் 2011இல் வந்தது. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் குறைந்தது ஐந்து விவசாயிகள் சேர்ந்து ஒருவர் வயலை ஒருவர் பார்த்து, கையெழுத்துப் போட்டுச் சான்று தருவது. மாறுதல் காலத்தில் இருந்தால் பி.ஜி.எஸ். கிரீன், முழுதாக மாறிவிட்டால் பி.ஜி.எஸ். ஆர்கானிக். ஏற்றுமதிக்கு ஆகாது. கேட்டவுடன் "தெரிஞ்சவங்களே ஒருத்தருக்கொருத்தர் கையெழுத்துப் போட்டுப்பாங்களா?" என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. போன வருடம் மாமாவின் குழு வயல் பார்க்கப் போனபோது நானும் கூடப் போனேன்.

ஏழு பேர். மூன்றாவது வீட்டில் கொட்டகைக்குள் சாக்கு அடுக்கின் பின்னால் ஒரு யூரியா மூட்டை இருந்தது. குத்தகைக்கு எடுத்த வேறு வயலுக்கு என்றார் அவர். யாரும் சத்தம் போடவில்லை. குழுவில் வயதில் மூத்தவர் மட்டும், "நாலு மா இயற்கை, நாலு மா யூரியான்னு ஒரே கையால எப்படிப்பா வைப்ப?" என்று கேட்டார். திண்ணையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசினார்கள். கடைசியில் அவரை மறுபடி கிரீன் பிரிவில் வைப்பது என்று முடிவு. அவரும் தலையாட்டினார். திரும்பும் வழியில் மாமா பேசவே இல்லை. அவர் மாமாவோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர்.

காரில் வந்து இறங்கும் ஆய்வாளர் அந்தக் கொட்டகைக்குள் போயிருப்பாரா என்று எனக்குத் தெரியாது. அந்த வயதானவருக்கு மட்டும் எந்த வீட்டில் எங்கே மூட்டை வைப்பார்கள் என்று தெரிந்திருந்தது. அதே சமயம், உறவையும் சாதியையும் கடனையும் தாண்டி எல்லாக் குழுவிலும் இப்படி நடக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். தாட்சண்யம் பார்த்துக் கையெழுத்துப் போடும் குழுவும் இருக்கத்தான் செய்யும். அதற்குத்தான் வாங்குபவர்களும் வயல் பார்க்க வரலாம் என்று பி.ஜி.எஸ். சொல்கிறது. நாம்தான் போவதில்லை.

மாமா அடிக்கடி சொல்லும் ஒரு ஆதங்கம் இருக்கிறது. "45 கிலோ யூரியா 266 ரூபாய்க்கு கவர்மென்ட் மானியத்துல தருது. வாங்கிக் கொட்டுறவன்கிட்ட ஒரு நோட்டும் கேக்கல, கையெழுத்தும் கேக்கல. கொட்டாதவன்தான் ஆயிரம் தாள் காட்டணும்." இதில் நியாயம் முழுக்க அவர் பக்கம். நஞ்சடித்த பொருள்தான் லேபிள் சுமக்க வேண்டும் என்று நானும் வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் இங்கே எங்கள் தெருவில் ஒரு கடையில் "இயற்கை அரிசி" என்று கையால் எழுதி ஒட்டி, கிலோ 140 ரூபாய்க்கு விற்றார்கள். எந்த ஊர், எந்தச் சான்று என்று கேட்டால் கடைக்காரருக்கே தெரியவில்லை. தாளே வேண்டாம் என்று நாம் சொன்னால் முதலில் லாபம் பார்ப்பது அந்தக் கடை, மாமா அல்ல. அதனால் இப்போது என் கருத்து மாறிவிட்டது. தாள் வேண்டும், அதன் செலவை அரசும் நாமும் சேர்ந்து சுமக்க வேண்டும்.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. 2018 ஜூலை 1 முதல் ஆர்கானிக் என்று விற்கும் பொருளுக்கு மேலே சொன்ன இரண்டில் ஒரு சான்று வேண்டும். பச்சை இலையில் டிக் போட்ட ஜைவிக் பாரத் முத்திரை அதற்குத்தான். வருடத்துக்கு 12 லட்சத்துக்குள் விற்கும் சிறு விவசாயி நேரடியாக நமக்கே விற்றால் சான்று கட்டாயமில்லை, ஆனால் அந்த முத்திரையைப் போட முடியாது. ஆக, சந்தையில் முத்திரையில்லாத சிறு விவசாயி யோக்கியமானவராக இருக்கலாம். அவரிடம் ஊரையும் வயலையும் கேளுங்கள், சொல்வார். கடையில் பாக்கெட்டில் இருந்தால் முத்திரையையும் சான்று எண்ணையும் கேளுங்கள். "நேச்சுரல்", "பாரம்பரியம்", "நாட்டு" என்ற வார்த்தைகளுக்காக மட்டும் ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்காதீர்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆர்கானிக் சான்று பெற்ற பொருளில் மருந்து எச்சம் பூஜ்யம் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. மண்ணிலும் தண்ணீரிலும் ஏற்கெனவே கலந்தது இருக்கிறது. மாமாவே அப்படிச் சொல்ல மாட்டார். "நான் போடல, அதுதான் எனக்குத் தெரியும்" என்பார்.

நேற்று ராத்திரி மாமாவின் நோட்டிலிருந்து இரண்டு பக்கங்களைக் குழுவில் போட்டேன். தேதி, வயல், என்ன தெளித்தது, எத்தனை லிட்டர். காலையில் முதலில் வந்த பதில் அந்தப் புதிதாகக் குடிவந்தவரிடமிருந்துதான். "மூணாவது வரியில மீ.அ.ன்னு இருக்கே, என்னது?" மீன் அமிலம் என்றேன். மீனையும் வெல்லத்தையும் ஊறவைத்துச் செய்வது என்றும் சொன்னேன். அப்புறம் ஒரு மணி நேரம் கேள்வியாகக் கேட்டார். தை மாதம் அறுவடைக்கு முன் வயல் பார்க்க நாலு வீடு வருகிறோம் என்று முடிவாகியிருக்கிறது, அவரும் வருகிறார்.

மாமாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "வரச் சொல்லும்மா. வரப்பு வழுக்கும், செருப்பைக் கழட்டிட்டு நடக்கச் சொல்லு" என்றார்.